ஒரு ரவுட்டரின் ஆயுள்

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் உள்ள பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இணையம் பெரும்பாலும் வாசல் கதவை ஒட்டிய சுவர் வழியாக உள்ளே வருகிறது. கண்ணாடியிழை வந்து முடியும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதை அடுத்து மோடம், அதை அடுத்து ரவுட்டர். புதிய புளோக்குகள் சிலவற்றில் இந்தப் பெட்டிகள் ‘பாம் ஷெல்டர்’ என்று எல்லாரும் சொல்லும் அறைக்குள் போய்விட்டன. அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே, சிக்னலை விழுங்கும் தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள், ராப்பகலாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கின்றன. எங்கள் தளத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாவிடம் உங்கள் வீட்டு ரவுட்டர் ரொம்பப் பழையது, மாற்றிவிடுங்கள் என்றபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: “பச்சை லைட்டு எரியுது, யூடியூப் ஓடுது. அப்புறம் என்ன தம்பி அதுல கோளாறு?”

விளக்கு எரிந்தால் மின்சாரமும் இணைப்பும் இருக்கின்றன என்று பொருள். உள்ளே ஓடும் மென்பொருள் எந்த வருடத்தது, அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்பட்டனவா, அதைச் செய்த நிறுவனம் இன்னும் அதைக் கவனிக்கிறதா என்பதையெல்லாம் காட்ட அந்தப் பெட்டியில் விளக்கு கிடையாது. ஓட்டையுள்ள ரவுட்டரும் நல்ல ரவுட்டரைப் போலவேதான் படம் காட்டும், பாட்டுப் பாடும். அந்த அம்மாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பெட்டி பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ரவுட்டர் ஒரு முழுக் கணினி. செயலி, நினைவகம், பெரும்பாலும் லினக்ஸை ஒட்டிய ஓர் இயங்குதளம் எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் அட்டைப்பெட்டியில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் அதை முழுக்கத் தானே செய்வதில்லை. வானலையைக் கையாளும் சிப் ஒரு நிறுவனத்துடையது. அந்தச் சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளையும் சிப் நிறுவனமே கொடுக்கும். அதன்மேல் பெயர் போட்ட நிறுவனம் தன் திரைகளையும் அமைப்புகளையும் ஏற்றும். பல சமயம் பொருத்திக் கொடுப்பது மூன்றாவது ஒரு தொழிற்சாலை. ஆகவே சிப் நிறுவனத்தின் நிரலில் ஒரு பிழை இருந்தால் அது பத்துப் பதினைந்து பிராண்டுகளின் பெட்டிகளில் ஏறி உலகம் சுற்றக் கிளம்பிவிடும். பின்னாளில் அதற்கு ஒரு திருத்தம் எழுதப்பட்டால், அந்தத் திருத்தமும் இதே வழியில், இதே கைகள் மாறி, கிளமெண்டி வீட்டுச் சுவர்வரை வந்து சேர வேண்டும். பிழை ஒருபோதும் பாதி வழியில் நிற்பதில்லை. திருத்தம்தான் நின்றுவிடுகிறது. வீட்டுக் கருவிகளின் பாதுகாப்பில் எனக்குப் பெரிய கவலை இதுதான்.

பெட்டியோடு கூடவே ஒரு பூட்டும் வருகிறது. அந்தப் பூட்டின் வரலாறு பெட்டியைவிட நீளம். 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்தலாம் என்று சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. 1997-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு, வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையை வெளியிட்டது. அதோடு வந்த முதல் பூட்டு வெப். கம்பியில் போகும் தகவலுக்கு இருக்கும் அந்தரங்கம் காற்றில் போகும் தகவலுக்கும் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. நான்கே ஆண்டுகள்தான் தாங்கியது. 2001-இல் ஃபுளூரர், மன்டின், ஷமீர் என்ற மூவரும் அதன் சாவியைக் காற்றிலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் வழியைக் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகர ஆய்வாளர்கள் அதே வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்கள். இந்த இடைவெளியில் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் சில்லறைக் கடைக் குழுமத்தின் வலையமைப்பு உடைந்து, 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்கள் களவு போயின. ஒரு கடையின் பலவீனமான வைஃபைதான் திருடர்கள் நுழைந்த வழி. பூட்டு உடைந்த செய்தி வந்து ஆண்டுகள் ஆகியும் அந்தக் கடையில் பழைய பூட்டே தொங்கியது.

2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2. இரண்டாவது நல்ல பூட்டு. வைஃபை முத்திரை பெற வேண்டுமானால் அது இருந்தே ஆக வேண்டும் என்று 2006-இல் விதியும் வந்தது. ஆனால் நீளமான கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது மக்களுக்குச் சிரமம் என்று டபிள்யூபிஎஸ் என்ற குறுக்கு வழியையும் சேர்த்தார்கள். பெட்டியின் பின்புறம் அச்சிட்ட எட்டு இலக்க எண்ணை அடித்தால் போதும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். 2011 இறுதியில் ஸ்டெஃபான் ஃபீபுக் என்ற ஆய்வாளர் கவனித்தது இது: ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, முதல் பாதி சரியா தப்பா என்பதைத் தனியே சொல்லியும் விடுகிறது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆக முதல் பாதிக்குப் பத்தாயிரம், இரண்டாம் பாதிக்கு ஆயிரம், மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். ஒரு கணினி அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கடவுச்சொல் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் பயனில்லை. இன்றைக்கும் ஒரு பழைய ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தால் நான் முதலில் அணைப்பது இந்த டபிள்யூபிஎஸ்ஸைத்தான்.

சிங்கப்பூரில் இப்பெட்டிகள் வீட்டுக்கு வந்த விதம் தனி. சன்டெக்கிலும் எக்ஸ்போவிலும் நடக்கும் கணினிக் கண்காட்சிகளில் இரண்டாண்டு இணைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ரவுட்டர் கூடவே கிடைக்கும். விலை கொடுத்துத் தேர்ந்தெடுத்து வாங்காத பொருள் அது. யாரும் அதன் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளைகளோ தொழில்நுட்பரோ வந்து மாட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே நிர்வாகப் பக்கத்துக்கு ‘அட்மின்’ என்று ஒரு பயனர் பெயர், அதே ‘அட்மின்’ கடவுச்சொல் என்றுதான் அப்போது இருந்தது. ஒரே மாதிரிப் பெட்டி எத்தனை வீடுகளுக்குப் போனதோ அத்தனை வீட்டுக்கும் அதே சாவி.

தொடக்கக் காலத்தில் வைஃபைக்கே கடவுச்சொல் போடாத வீடுகளும் இங்கே நிறைய இருந்தன. வீவக தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை எப்படிக் கதவைக் கேட்காமல் வருகிறதோ அப்படித்தான் வைஃபை அலையும் வரும். 2006-இல் 17 வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்காகக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டான். நாட்டில் அத்தகைய முதல் வழக்கு அது. அந்தச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறையும் 10,000 வெள்ளிவரை அபராதமும் விதிக்கலாம். அவனுக்குக் கிடைத்தது 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. 2007-இல் இன்னோர் இளைஞர், பிறருடைய பூட்டாத வைஃபை வழியாகப் பொய்யான வெடிகுண்டுச் செய்தி போட்டதற்காகச் சிறைக்கே போனார். பூட்டாத வீட்டுக்காரருக்கு இதில் என்ன பங்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். குற்றம் செய்தவர்தான் குற்றவாளி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காவல்துறை ஓர் இணைய முகவரியைத் தேடி வந்தால் முதலில் தட்டுவது அந்த முகவரி பதிவான வீட்டின் கதவைத்தான். அந்தச் சில மணி நேரம் ஒரு வயதான தம்பதிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

 

நல்ல பூட்டு என்று சொன்ன டபிள்யூபிஏ2-வுக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. 2017 அக்டோபர் 16 அன்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசென்ஸ் இருவரும் ‘கிராக்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் கடவுச்சொல் உடையவே இல்லை.

கைப்பேசி வைஃபையில் சேரும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. அவற்றின் மூலம் இருவரும், கடவுச்சொல்லைக் காற்றில் சொல்லாமலே, அந்த ஒரு சந்திப்புக்கு மட்டும் உரிய புதிய சாவியைத் தயாரிக்கிறார்கள். மூன்றாவது செய்தி வந்ததும் கைப்பேசி அந்தச் சாவியை மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஒரே எண் இரண்டாம் முறை வரக் கூடாது. ஒரே சாவியும் ஒரே எண்ணும் திரும்பினால் மறையாக்கத்தின் முகமூடி கழன்றுவிடும். சிக்கல் எங்கே? காற்றில் செய்திகள் தொலைந்துபோகும். மூன்றாவது செய்திக்குப் பதில் வராவிட்டால் ரவுட்டர் அதைத் திரும்ப அனுப்பும், தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. திரும்ப வந்ததைப் பார்த்த கைப்பேசி சாவியை மறுபடி மாட்டி, எண்ணையும் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்தில் இருந்து பதிலைத் தடுக்கத் தெரிந்தவன் இதையே வேண்டுமென்று நடக்கவைக்கலாம். ஆண்ட்ராய்டு 6.0-இலும் சில லினக்ஸ் கருவிகளிலும் நிலைமை இன்னும் மோசம். அவை இரண்டாம் முறை முழுக்கப் பூஜ்யங்களாலான சாவியை மாட்டிக்கொண்டன.

நிரல் எழுதியவரின் கவனக்குறைவு அல்ல இது. தரநிலையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியவர்களே மாட்டினார்கள். அந்தத் தரநிலையைப் பதின்மூன்று ஆண்டுகள் எத்தனையோ நிபுணர்கள் படித்துப் பார்த்துச் சரி என்றிருக்கிறார்கள். இந்தச் செய்தி வந்தபோது மக்கள் ஓடிப்போய் வைஃபை கடவுச்சொல்லை மாற்றினார்கள். அதனால் பயனில்லை. முதன்மையாகத் திருத்த வேண்டியது கைப்பேசியையும் மடிக்கணினியையும்தான். அவற்றுக்குப் புதுப்பிப்பு வந்தது, போட்டவர்கள் தப்பித்தார்கள். புதுப்பிப்பே வராத மலிவு ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், வைஃபை தொலைக்காட்சிகள், கேமராக்கள் அப்படியே நின்றன. வங்கிப் பக்கங்களும் வாட்ஸ்அப்பும் தம் பங்குக்குத் தனியே மறையாக்கம் செய்வதால் சேதம் அவ்வளவு தெரியவில்லை. அது நம் நல்ல காலம். வான்ஹூஃப் 2021 மே மாதம் இன்னொரு தொகுதி ஓட்டைகளை வெளியிட்டார். அவற்றில் சில 1997-இலிருந்தே, வெப் காலத்திலிருந்தே, தரநிலைக்குள் உட்கார்ந்திருந்தன.

கிராக் வெளியாவதற்கு ஓராண்டு முன்பு சிங்கப்பூர் வேறொரு பாடத்தைப் படித்திருந்தது. 2016 அக்டோபர் 22, சனிக்கிழமை இரவு. தீபாவளிக்கு ஒரு வாரம். தேக்காவில் விளக்கு அலங்காரமும் கூட்டமும் நிறைந்த நேரத்தில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் இல்ல இணையம் தடுமாறியது. திங்கள் இரவு மறுபடியும். நிறுவனத்தின், இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கணினிகளை நோக்கி வெள்ளமாகக் கோரிக்கைகள் பாய்ந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது சொந்த வாடிக்கையாளர்களின் வீடுகளிலிருந்து. தொற்றுக்கு ஆளான வெப்கேமராக்களும் ரவுட்டர்களும், வீட்டுக்காரருக்குத் தெரியாமல், தாம் இணைந்திருந்த வலையமைப்பையே தாக்கின. நாட்டின் தொலைத்தொடர்புக் கட்டமைப்பின் மீது இப்படி ஒரு தாக்குதல் அதுவே முதல் முறை.

அதற்கு முந்தின நாள்தான், அக்டோபர் 21-ஆம் தேதி, அமெரிக்காவில் டிஎன்எஸ் சேவை தரும் டைன் நிறுவனம் மிராய் என்ற தீநிரலால் தாக்கப்பட்டு டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் முடங்கின. மிராயின் உத்தி வெட்கப்படத்தக்க அளவுக்கு எளிது. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபதுக்குச் சற்று மேல் அதனிடம் பட்டியலாக இருந்தன. இணையத்தில் அகப்படும் ஒவ்வொரு கருவியின் கதவையும் தட்டி அவற்றை வரிசையாக முயன்று பார்க்கும். திறந்தால் நுழையும், அங்கிருந்து அடுத்ததைத் தேடும். எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள், 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ‘அட்மின், அட்மின்’ என்று கண்காட்சியிலிருந்து வீட்டுக்கு வந்த பெட்டிக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் 2020, 2021-இல் சிங்கப்பூர் செய்ததை நான் உண்மையாகவே மதிக்கிறேன். 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு, வீட்டுக் கருவிகளுக்கு ஒன்றிலிருந்து நான்குவரை நிலை வகுக்கும் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. வைஃபை ரவுட்டர்கள்தாம் அதில் முதல் வரிசை. 2021 ஏப்ரல் 13 முதல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி நடப்புக்கு வந்தது. இங்கே விற்கும் வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அது எளிதில் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், ஆபத்தான சேவைகள் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைப் பெட்டி தானே இறக்கிக்கொள்ள வேண்டும். மக்களிடம் ‘மாற்றுங்கள், மாற்றுங்கள்’ என்று ஆயிரம் சுவரொட்டி ஒட்டுவதைவிடத் தொழிற்சாலை வாசலிலேயே ஒரு விதி போட்டது பெரிய காரியம். ஆனால் விதி புதிதாக வருவதைத்தான் தொடும். அதற்கு முன் வாங்கியவை சுவர்களில் அப்படியே இருந்தன.

ரவுட்டரின் நடுவயதில் அதன் குடிமக்கள் பெருகுகிறார்கள். முதலில் இரண்டு கைப்பேசி. பிறகு தொலைக்காட்சி, குழந்தையைப் பார்க்க ஒரு கேமரா, தாத்தா விழுந்தால் தெரிய ஒரு கேமரா, ஏர்கான், விளக்கு, கதவுப் பூட்டு. 2020 அக்டோபரில் வீட்டுக் கேமராக்களிலிருந்து திருடிய காணொளிகள் இணையத்தில் விலைக்கு விடப்பட்ட செய்தி வந்தது. சிங்கப்பூர் வீடுகளும் அதில் இருந்தன. குடும்பத்தினர் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது, பிள்ளைகள் நடமாடுவது எல்லாம். அன்றிலிருந்து எந்த வீட்டில் கேமரா கண்டாலும் அதைப் படுக்கையறைப் பக்கம் திருப்பாதீர்கள் என்று சொல்லாமல் என்னால் வர முடிவதில்லை. கேமராவையும் தொலைக்காட்சியையும் விருந்தினர் வைஃபையில் தனியே போட்டுவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் வங்கிக் கணக்கு பார்க்கும் கைப்பேசியைத் தொடுவது கடினமாகும். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இந்தக் கருவிகள் பலவற்றில் வைஃபையோடு புளூடூத்தும் இருக்கிறது. புளூடூத் ஓட்டைகளைத் தேடுவதில் உலகம் கவனித்த வேலை கிளமெண்டிக்கு நேர் எதிர்முனையில், அப்பர் சாங்கியில் இருக்கும் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மத்தேயுஸ் கர்பெலினி, சுதீப்த சட்டோபாத்யாய் குழுவினர் 2020 பிப்ரவரியில் ‘ஸ்வெய்ன்டூத்’ என்ற பெயரில் பன்னிரண்டு ஓட்டைகளை வெளியிட்டார்கள். ஏழு சிப் நிறுவனங்கள், 480-க்கும் மேற்பட்ட பொருள்கள். கைக்கடிகாரங்களும் கதவுப் பூட்டுகளும் அதில் இருந்தன. மருத்துவக் கருவிகளும் பாதிக்கப்படலாம் என்று மார்ச் மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ‘பிராக்டூத்’. பதினொரு நிறுவனங்களின் பதின்மூன்று சிப்களில் பதினாறு ஓட்டைகள், அந்தச் சிப்கள் குடியிருக்கும் பொருள் வகைகள் ஏறத்தாழ 1,400. தாக்கிக் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட மின்பலகையின் விலை 15 அமெரிக்க டாலருக்குள். 2023 டிசம்பரில் 5ஜி மோடங்களிலும் கைவைத்தார்கள்.

இந்த ஆய்வுகளில் எனக்கு மறக்காதது ஓட்டைகளின் எண்ணிக்கை அல்ல, அவற்றுக்குக் கிடைத்த பதில்கள். பிராக்டூத்தைச் சொன்னதும் எஸ்பிரெசிஃப் போன்ற சிலர் சீக்கிரமே திருத்தம் கொடுத்தார்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், வாடிக்கையாளர்கள் கேட்டால் மட்டும் பார்க்கலாம் என்றது. அந்த வாடிக்கையாளர் யார்? சிப்பை வாங்கி ஒலிபெருக்கி செய்யும் நிறுவனம். கிளமெண்டி மாலில் அந்த ஒலிபெருக்கியை வாங்கியவர் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. தன் பெட்டிக்குள் அப்படி ஒரு சிப் இருப்பதே அவருக்குத் தெரியாதபோது எதை, யாரிடம் கேட்பார்?

பிறகு முதுமை. ஒரு ரவுட்டர் ஏழெட்டு ஆண்டுகள் உழைக்கும். அதன் நிறுவனம் அதற்குத் திருத்தம் எழுதுவது பல சமயம் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். நிற்கும் நாளில் அறிவிப்பு நிறுவனத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு வரியாக வரும். வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வோர் ஓட்டையும் நிரந்தர ஓட்டை. தாக்குபவர்கள் விரும்பித் தேடுவது இவற்றைத்தான். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் இருப்பது தெரிந்து, எஃப்பிஐ பொதுமக்களிடம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னது. 2025 மே மாதம் அதே எஃப்பிஐ, ஆதரவு முடிந்த பழைய ரவுட்டர்கள் குற்றவாளிகளின் இடைவழிகளாக வாடகைக்கு விடப்படுகின்றன என்று மாடல் பெயர்களோடு எச்சரித்தது. 2024-இல் அம்பலமான உலகளாவிய பாட்நெட் (தொற்றிய கருவிகளின் கூட்டம்) ஒன்றில் சிங்கப்பூரில் மட்டும் ஏறத்தாழ 2,700 கருவிகள் சிக்கியிருந்தன, ரவுட்டர்களும் குழந்தைக் கண்காணிப்புக் கருவிகளும். இந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் எதையும் இழந்ததாக உணர்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் முகவரியிலிருந்து வேறு யாரோ எங்கோ திருடிக்கொண்டிருந்தார்கள்.

பிறப்புக்கு விதி போட்டதுபோல் முதுமைக்கும் போட வேண்டும் என்பது என் கட்சி. பால் பாக்கெட்டில்கூடக் கடைசி நாள் அச்சிடுகிறோம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் முழுமையாக நடப்புக்கு வரும் 2027 டிசம்பரிலிருந்து, பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத ஆதரவைக் கேட்கும். சிங்கப்பூரின் முத்திரையும் நிறுவனம் திருத்தம் தரும் காலம்வரைதான், அதிகபட்சம் மூன்றாண்டுகள்தான், செல்லும். நல்ல தொடக்கம். ஆனால் அட்டைப்பெட்டியில் இருக்கும் முத்திரையை அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடுகிறோம். நாள் முடிந்தால் அந்தச் சேதி கைப்பேசிக்கு வர வேண்டும், அல்லது பெட்டியின் விளக்கே நிறம் மாற வேண்டும். இதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

அதுவரை நாமேதான் பார்க்க வேண்டும். அந்த அம்மா வீட்டில் செய்ததும் அதுதான். பெட்டியின் அடியில் இருந்த மாடல் எண்ணை நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் தேடினோம். கடைசித் திருத்தம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. “அப்ப நல்லா ஓடுறதையே தூக்கிப் போடணுமா?” என்றார் வருத்தத்தோடு. சிக்கனமாக வாழ்ந்த தலைமுறையின் வருத்தம் அது, நான் வாதாடவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியதால் புதிய பெட்டி வந்தது. அதில் டபிள்யூபிஏ3 பூட்டு இருந்தது. 2018-இல் வந்த இந்தப் பூட்டிலும் மறுவருடமே சில ஓட்டைகள் கண்டு அடைத்தார்கள், ஆயினும் காற்றில் பிடித்த செய்திகளை வீட்டுக்குக் கொண்டுபோய் லட்சம் கடவுச்சொற்களை ஓட்டிப் பார்க்கும் பழைய வேலை இதில் நடக்காது. பழைய தொலைக்காட்சி டபிள்யூபிஏ3-இல் சேர மறுத்தது. அதை விருந்தினர் வைஃபையில் டபிள்யூபிஏ2 போட்டு விட்டோம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தோம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி போட்டபடியே இருக்கிறதா என்று பார்த்தோம்.

பழைய பெட்டியின் கதை அங்கே முடிவதில்லை. பலர் அதை மேசை இழுப்பறையில் போடுகிறார்கள், பிறகு ஒரு நாள் பின்னறையில் சிக்னல் வரவில்லை என்று எடுத்து மறுபடி மாட்டுகிறார்கள். அப்படி மாட்டிய பெட்டி, முன்வாசலில் புதுப் பூட்டு போட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த வேலையைத்தான் செய்யும். இன்னும் சிலர், பழைய பொருள் வாங்கத் தாழ்வாரத்தில் ஊதுகுழல் ஒலித்து வரும் காராங் குனிக்காரரிடம் பழைய செய்தித்தாளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் முன்பெல்லாம் இவை தரையில் விரித்த துணிமேல் கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது, வியாபாரம் இப்போது கைப்பேசிச் செயலிகளில் நடக்கிறது. விற்ற பெட்டிக்குள் என்ன போகிறது என்பதை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023-இல் பார்த்தது. நிறுவனங்கள் கழித்துப்போட்ட ரவுட்டர்களைப் பழைய பொருளாக விலைக்கு வாங்கி ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளரின் வலையமைப்பு விவரங்களும் சாவிகளும் அழிக்கப்படாமல் இருந்தன. அவை தகவல்தொழில்நுட்பப் பிரிவே வைத்திருக்கும் நிறுவனங்களின் பெட்டிகள்.

வீட்டுப் பெட்டியிலும் வைஃபை பெயர், கடவுச்சொல், சில சமயம் இணைய நிறுவனத்தின் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும். புதிய ரவுட்டருக்கும் அதே பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைப்பது எல்லாருடைய வழக்கம், இல்லாவிட்டால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியையும் மறுபடி இணைக்க வேண்டும். எனவே எறிந்த பெட்டியைத் திறப்பவருக்கு இன்றைய கடவுச்சொல்லே கிடைத்துவிடலாம். பின்புறம் ஊசித்துளை அளவில் ‘ரீசெட்’ பொத்தான் இருக்கிறது. மின்சாரம் இணைத்த நிலையில் அதைக் குச்சியால் பத்துப் பதினைந்து வினாடி, எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரியும்வரை, அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மின்கழிவுத் தொட்டி. 2021 ஜூலையிலிருந்து சிங்கப்பூரின் மின்கழிவுச் சட்டத்தின்கீழ் சேகரிக்கப்படும் பொருள்களில் ரவுட்டரும் மோடமும் உண்டு, பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ நினைத்தால், கொடுக்கும் முன் அதன் மாடல் எண்ணை நிறுவனத்தின் பக்கத்தில் தேடிப் பார்த்துவிட வேண்டும். ஆதரவு முடிந்திருந்தால் யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஊரிலிருந்து வந்த தம்பிக்கு வாடகை அறையில் போட்டுக்கொள்ள இனாமாகக்கூட.